காற்று தொடாத வீடு

கிளியனூருக்கு மேற்கே, ஏரிக்கரையை ஒட்டிய அந்தச் சின்ன ஊருக்குள் சுழல்காற்று புகுந்தது மே மாதத்து ஒரு பிற்பகலில். வறண்டு கிடந்த ஏரிக்குள் செம்மண்ணாகக் கிளம்பிக் கரையேறியது. ஒரு கரும்புக் கொல்லையைப் பாய் விரித்தாற்போல் படுக்க வைத்தது. பிறகு ஒரு தெருவின் அகலத்துக்கு ஊரைக் கிழித்துக்கொண்டு போய்விட்டது. அது போன தடத்தில் இருந்ததெல்லாம் போயிற்று. தடத்துக்கு வெளியே இருந்தது எதுவும் அசையவில்லை. பாஞ்சாலி வீட்டுக் கொடியில் காய்ந்த துணிகூடக் கீழே விழவில்லை. நடுவில் ஒரு முள்வேலிதான். அந்தப் பக்கம் அவளுடைய ஓரகத்தி இளவரசியின் வீட்டுக்குக் கூரை இல்லை.

பாஞ்சாலியின் கணவன் வேங்கடேசனும் இளவரசியின் கணவன் திருமுருகனும் அண்ணன் தம்பி. அண்ணனுக்குத் தளம் போட்ட வீடு, தம்பிக்கு சிமெண்ட் ஷீட் போட்ட வீடு. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் பெஞ்சல் புயல் வந்து ஊரெல்லாம் வெள்ளக்காடானபோதுகூட அந்த ஷீட் வீடு தாக்குப்பிடித்தது. இந்தக் காற்று ஒரு டம்ளர் காபி குடிக்கிற நேரம்தான் அடித்தது. அதற்குள் ஷீட்டுகள் காகிதம் மாதிரி மேலே போய்ச் சுற்றின.

ஆண்கள் இரண்டு பேரும் மல்லாட்டை மூட்டையோடு திண்டிவனம் கடலை மண்டிக்குப் போயிருந்தார்கள். பாஞ்சாலி மாட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். ரயில் வருகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டு நிமிர்ந்தவளுக்கு, அதற்குள்ளிருந்து இளவரசியின் மகள் பானுப்ரியா அலறுவது கேட்டது. பாஞ்சாலி யோசிக்கவில்லை. கயிற்றை விட்டுவிட்டு ஓடினாள். வாசல் பக்கத்துச் சுவர் சரிந்து கதவை அடைத்திருந்தது. பின்பக்கம் போய், தொங்கிக்கொண்டிருந்த சன்னல் சட்டத்தைப் பிடுங்கிப் போட்டுவிட்டு உள்ளே புகுந்தாள். கட்டிலுக்கு அடியில் இளவரசி குழந்தையைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கிடந்தாள். பாஞ்சாலி முதலில் குழந்தையை இழுத்தாள், பிறகு தாயின் கையைப் பிடித்து இழுத்தாள். வெளியே வரும்போது பறந்து வந்த ஷீட்டுத் துண்டு ஒன்று அவளுடைய தோளைக் கிழித்துவிட்டுப் போனது. அவர்கள் வேலியைத் தாண்டியதும் இன்னொரு சுவர் கட்டிலின் மேல் விழுந்தது.

திண்டிவனத்தில் தோளுக்குத் தையல் போட்டுக்கொண்டு பாஞ்சாலி வீடு திரும்பினாள். இளவரசியின் குடும்பத்தைத் தன் வீட்டில் இருத்திக்கொண்டதும் அவள்தான். அதை அவள் முழு மனசோடு செய்தாள். அன்றைக்கு அவள் மனசில் ஒன்றுமில்லை.

மறுநாள் காலையிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

வந்தவர்கள் எல்லோரும் பாஞ்சாலியின் வாசலில்தான் செருப்பை விட்டார்கள், பாஞ்சாலியின் பாயில்தான் உட்கார்ந்தார்கள், பாஞ்சாலி போட்ட டீயைத்தான் குடித்தார்கள். ஆனால் பார்க்க வந்தது இளவரசியை. அவளிடம் போகிற வழியில் பாஞ்சாலியிடம் ஒரு வார்த்தை சொல்வார்கள். "உங்களுக்கு ஒண்ணும் ஆவல, நல்லவேள." அவ்வளவுதான். தோளில் இருந்த கட்டு புடவைத் தலைப்புக்குள் மறைந்திருந்தது. அதை யாரும் கேட்கவில்லை; அவளும் காட்டவில்லை. கேட்பார்கள் என்று காத்திருந்தாள்.

இளவரசி ஒவ்வொருவருக்கும் நடந்ததைச் சொன்னாள். முதல் நாள் சொன்னபோது, "அக்கா வந்து இழுத்தாங்க" என்றாள். அதற்கடுத்த நாள், "யாரோ கையப் புடிச்சி இழுத்த மாதிரி இருந்துச்சி, எனக்கு நெனப்பே இல்ல" என்றாள். திருவக்கரையிலிருந்து அவள் பிறந்த வீட்டார் வந்தபோது கதை வேறாகிவிட்டது.

அவர்கள் ஒரு வேன் நிறைய வந்தார்கள். அம்மா, அண்ணன்கள், அண்ணிகள். அரிசி, பாத்திரம், பெட்ஷீட், குழந்தைக்குப் புதுச் சட்டை எல்லாம் வந்து இறங்கின. மூத்த அண்ணன் தங்கையின் தலையைத் தன் நெஞ்சோடு சாய்த்துக்கொண்டு நின்றான். பெரிய மீசைக்கார ஆள். கண்ணிலிருந்து தண்ணீர் மீசையில் இறங்கியது.

"நம்ம ஊரு வக்ரகாளியம்மன்தான் அண்ணா" என்று இளவரசி விம்மினாள். "அவதான் கைய குடுத்து என்ன இழுத்துக்கினு வந்தா."

எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அடுக்களையில் டீ வடிகட்டிக்கொண்டிருந்த பாஞ்சாலி, வடிகட்டியைப் பிடித்திருந்த தன் கையைப் பார்த்தாள். நகத்துக்கடியில் இன்னும் அந்தச் சுவரின் மண் இருந்தது.

கோபம் என்று சொல்லிவிட்டால் சுலபம். ஆனால் அவளை அறுத்தது அந்த அம்மன் பேச்சு மட்டுமில்லை. மீசைக்காரனின் நெஞ்சில் சாய்ந்திருந்த தலை. பாஞ்சாலிக்கும் ஒரு தம்பி இருந்தான், துரைக்கண்ணு. பொம்மையார்பாளையத்தில் கடலோர விடுதி ஒன்றில் வேலை. வண்டியில் கிளம்பினால் ஒரு மணி நேரத்தில் வந்துவிடலாம். நான்கு வருஷமாக அவன் இந்தப் பக்கம் வரவில்லை. அம்மா செத்தபோது பாஞ்சாலி போய்ச் சேருவதற்குள் உடலை எடுத்துவிட்டார்கள். சுடுகாட்டு வழியிலேயே, நாலு பேர் பார்க்க, அவள் தம்பியின் சட்டையைப் பிடித்து வாயில் வந்ததைப் பேசினாள். அத்தோடு பேச்சு நின்றது. காற்று அடித்த செய்தி அவன் காதுக்கும் போயிருக்கும். அவன் போன் பண்ணவில்லை. ஏன் பண்ணுவான்? அக்கா வீட்டுக்குத்தான் ஒன்றும் ஆகவில்லையே.

ஒரகடத்துக் கம்பெனியில் வேலை பார்க்கும் அவள் மகன் போன் பண்ணினான். "சித்தி எப்பிடிம்மா கீறாங்க? சித்திக்கிட்ட குடு" என்றான். வேங்கடேசன் கட்டின நாளிலிருந்து மனைவியிடம் நான்கு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவன். அவன்கூட அறையில் இருந்த புது மின்விசிறியைக் கழற்றிக் கூடத்துக்குக் கொண்டுபோனான். "பாவம்டி அந்தப் பொண்ணு, வெந்துபோயி உக்காந்துக்கினு இருக்குது" என்றான். பாஞ்சாலி அன்றைக்கு வேர்வையில் தூங்கினாள். அந்தச் சுவர் தன் மேல் விழுந்திருந்தால் இந்த ஆள் அழுவானா என்று நினைத்தாள். தன் வீட்டுத் தளத்தைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வெறுப்பாக இருந்தது. ஒரு விரிசல்கூட விடாமல் அது மேலே உட்கார்ந்திருந்தது.

அந்த வார வெள்ளிக்கிழமை இளவரசி குடும்பத்தோடு திருவக்கரைக்கு வேண்டுதல் முடிக்கப் போனாள். வேங்கடேசனும் கூடவே போனான். பாஞ்சாலி, மாட்டைப் பார்க்க ஆள் வேண்டும் என்று நின்றுவிட்டாள். வேலி தாண்டிப் போய், இடிந்த வீட்டில் மண்ணுக்குள் கிடந்த பாத்திரங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் ஒரு கார் வந்து நின்றது.

இறங்கியவள் அருணா என்று பெயர் சொன்னாள். கையில் மைக். யூட்யூபில் செய்தி போடுகிறவர்களாம், திண்டிவனத்திலிருந்து வருகிறார்களாம். கூட வந்தவர் கேமராவைத் தோளில் வைத்தார்.

"இது உங்க வீடுதானேம்மா?"

பாஞ்சாலியின் கையில் நசுங்கின குண்டான் ஒன்று இருந்தது. இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள். அருணா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த ஐந்தாறு நாளில் அவள் முகத்தை அப்படி யாரும் பார்க்கவில்லை.

"ஆமா" என்றாள் பாஞ்சாலி.

அதற்குப் பிறகு வார்த்தைகள் தானாக வந்தன. ரயில் சத்தம் வந்ததைச் சொன்னாள், இருட்டானதைச் சொன்னாள், வாய்க்குள் மண் போனதைச் சொன்னாள். கட்டிலுக்கு அடியில் படுத்திருந்தவள் அவளே ஆனாள். தலைப்பை விலக்கித் தோளின் கட்டைக் காட்டினாள். "எனக்குன்னு வந்து கேக்க ஆளு இல்லம்மா" என்றபோது நிஜமாகவே அழுதாள். அருணாவுக்கும் கண் கலங்கியது. மைக்கைக் கீழே இறக்கிவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பாஞ்சாலிக்கு அந்தக் கையை விட மனசில்லை.

கார் போன பிறகுதான் சொன்னது பொய் என்பது உறைத்தது. யார் பார்க்கப் போகிறார்கள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

எல்லோரும் பார்த்தார்கள். சாயங்காலம் இளவரசி நெற்றி நிறையக் குங்குமத்தோடு வந்து இறங்கியபோது, எதிர்வீட்டுக் கவிதா போனை நீட்டிக்கொண்டு வாசலிலேயே காத்திருந்தாள். போனுக்குள் பாஞ்சாலி பேசிக்கொண்டிருந்தாள். இளவரசி முழுவதையும் பார்த்தாள். திருமுருகன் தலையைக் குனிந்துகொண்டு மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய்விட்டான். வேங்கடேசன் மனைவியை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

இளவரசிதான் பேசினாள். கத்தவில்லை. "உங்களுக்குத் தளம் போட்ட வூடு இருக்குது. கம்பெனில வேல பாக்கற புள்ள இருக்கறான். என் வூடு இடிஞ்சதுகூட உங்களுக்குப் பொறுக்கலியா அக்கா?"

பாஞ்சாலிக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் இருந்தது. வாயில் வந்தது வேறு. "அம்மன் வந்து இழுத்தான்னு சொல்லிக்கினு இருக்கறியே, அந்த அம்மனுக்குத் தோளுல எத்தினி தையல் போட்டாங்கன்னு கேட்டியாடி?"

இளவரசியின் முகம் மாறியது. பானுப்ரியாவை இழுத்துக்கொண்டு உள்ளே போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். ராத்திரிச் சாப்பாட்டை அவரவர் தட்டில் போட்டுக்கொண்டு அவரவர் மூலையில் சாப்பிட்டார்கள்.

மறுநாள் காலை பாஞ்சாலி சாணி அள்ளிக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. பின்சீட்டில் நீலத் தார்ப்பாய்ச் சுருள், நைலான் கயிறு. ஓட்டி வந்தவன் ஹெல்மெட்டைக் கழற்றினான். துரைக்கண்ணு. காதோரம் நரைத்திருந்தான்.

அவன் அக்காவைப் பார்த்தான். அவளுக்குப் பின்னால் நின்ற வீட்டைப் பார்த்தான். தளத்தைப் பார்த்தான்.

"வூடு நல்லாத்தான இருக்குது?"

"ம்."

"பின்ன வீடியோவுல..."

"அது இளவரசி வூடு. என்துன்னு பொய் சொன்னேன்."

துரைக்கண்ணு தார்ப்பாய்ச் சுருளை இறக்கித் தரையில் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டான். "ராவுலதான் பாத்தேன். கடைக்காரன எழுப்பி இத வாங்கிக்கினு விடியறதுக்குள்ள கெளம்பிட்டேன். வர்ற வழியெல்லாம் அழுதுக்கினே வந்தேன்க்கா. கோட்டக்குப்பத்துல ஒரு போலீசு வண்டிய நிறுத்தி, இன்னாய்யா ஆச்சுன்னு கேட்டாரு. எங்கக்கா வூடு இடிஞ்சிப்போச்சு சார்னு சொன்னேன்."

அவன் திட்டுவான் என்று நினைத்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"வூடு இடிஞ்சாதான் வருவியா?" என்றாள்.

"நீ கூப்டியா?"

"அம்மாவ எடுக்கசொல்ல எனக்காவ நீ காத்துக்கினு இருந்தியா?"

அவன் கயிற்றின் நுனியைப் பிரித்துப் பிரித்து முடிந்தான். "மழ வந்துக்கினு இருந்துச்சு. ஜல்தி ஜல்தின்னு பெரியவங்க ஒரே பேஜாரு. எங்கக்கா வராம எடுக்கக் கூடாதுன்னு நான் சொல்லியிருக்கணும். சொல்லல." கயிற்றைக் கீழே போட்டுவிட்டு, "நீ சட்டையப் புடிச்சது சரிதான்" என்றான்.

பாஞ்சாலி சாணிக் கையோடு நின்றாள். கண்ணைத் துடைக்கவும் முடியவில்லை. அவன் எழுந்து வந்து, அவளுடைய தலைப்பின் நுனியை எடுத்து அவள் முகத்தைத் துடைத்துவிட்டான்.

"சரி, தார்ப்பாய் வாங்கிக்கினு வந்தாச்சு. திருப்பிக் குடுத்தா கடைக்காரன் எடுத்துக்க மாட்டான். எது அந்த வூடு?"

அவன் திருமுருகனையும் சேர்த்துக்கொண்டு வேலை தொடங்கினான். நின்றிருந்த இரண்டு சுவர்களுக்கு மேலே சவுக்குக் கழிகளைப் போட்டு, தார்ப்பாயை இழுத்துக் கட்டினான். வேங்கடேசன் கழி எடுத்துக் கொடுத்தான். பானுப்ரியா "மாமா, மாமா" என்று துரைக்கண்ணுவின் காலையே சுற்றி வந்தாள். இளவரசி தண்ணீர்ச் சொம்பை நீட்டி, "மெதுவா இறங்குங்க அண்ணா" என்றாள். நான்கு வருஷம் கழித்து வந்த தம்பி காலையிலிருந்து இளவரசி வீட்டுக் கூரையின் மேல் இருந்தான். கீழே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற பாஞ்சாலிக்கு மறுபடியும் அந்த எரிச்சல் கிளம்பியது. இவனும் அவளுக்குத்தானா? அப்படி நினைத்ததற்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டதால் எரிச்சல் குறைந்துவிடவில்லை.

வெயில் ஏறியதும் எல்லோரும் பாஞ்சாலி வீட்டுக்கு வந்தார்கள். துரைக்கண்ணு முகம் கழுவிவிட்டுக் கூடத்தில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்தான். "தோளு எப்பிடிக்கா ஆச்சு?" என்று கேட்டான்.

பாஞ்சாலி பதில் சொல்வதற்குள் அடுக்களை வாசலிலிருந்து இளவரசியின் குரல் வந்தது. "எங்கள இழுத்துக்கினு வரசொல்ல ஷீட்டு கிழிச்சிடுச்சு அண்ணா. அக்கா வரலன்னா நானும் எம்பொண்ணும் அந்தச் சுவத்துக்கடியிலதான்." யார் முகத்தையும் பார்க்காமல், விறைப்பாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்து, டீக்குப் பாத்திரத்தை எடுத்தாள்.

பாஞ்சாலி பின்னாலேயே எழுந்து போனாள். ஓரகத்தியின் கையிலிருந்து பாத்திரத்தை வாங்கிக்கொண்டாள்.

"வுடு. எந்தம்பி. அவனுக்கு நான்தான் டீ போடுவேன்."

இளவரசி அவளை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். பிறகு அடுப்பை விட்டு நகர்ந்து, மேல் பலகையிலிருந்து சர்க்கரை டப்பாவை எடுத்து மேடையில் பட்டென்று வைத்தாள்.