பச்சையாகவே இருந்த கோடு

ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவில் அவளுக்கு ஒரே வேலைதான்: நோயாளிகளின் பதிவெல்லாம் ஏறும் டேட்டாபேஸ் ஒழுங்காக ஓடுகிறதா என்று கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருப்பது. எத்தனை பேர் அதற்குள் நுழைந்திருக்கிறார்கள், கேட்டதற்கு எவ்வளவு வேகமாகப் பதில் போகிறது என்பதெல்லாம் சுவர்த்திரையில் கோடுகளாக ஓடும். கோடு பச்சையாக இருந்தால் நிம்மதியாக டீ குடிக்கலாம்.

அன்று காலை கோடு பச்சையாகத்தான் இருந்தது. மேல்மாடி வார்டில் நர்ஸாக இருக்கும் அவள் அண்ணி போன் செய்தாள்.

“வாலு, எங்க வார்டு பெரியவருக்கு இன்சுலின் போட்டுட்டு என்ட்ரி போட்டேன். சுத்திக்கிட்டே இருக்கு, சேவ் ஆக மாட்டேங்குது.”

“இங்க எல்லாம் ஜம்முன்னு ஓடுது அண்ணி. உங்க கம்ப்யூட்டர்தான் மக்கர் பண்ணுது. ஒருதரம் அணைச்சுப் போடுங்க.”

அண்ணி அணைத்துப் போட்டாள். டூட்டி மாறும் நேரம். அடுத்த கட்டிலில் ஒருவர் வாந்தியெடுத்துக்கொண்டிருந்தார். அந்த அமளியில், பதிவு ஏறியிருக்கும் என்று நம்பிக் கிளம்பிவிட்டாள். அடுத்து வந்த நர்ஸ் திரையைப் பார்த்தாள். ஊசி போட்டதாக எதுவுமில்லை. அவளும் ஒன்று போட்டாள்.

பெரியவர் சர்க்கரை இறங்கி நினைவிழந்தார். குளுக்கோஸ் ஏற்றி உயிரை இழுத்துப் பிடித்தார்கள்.

“நம்ம கிராஃப் சுத்தமா இருக்கு. என்ட்ரி போடாதது அந்தம்மா தப்பு” என்றார் கம்ப்யூட்டர் பிரிவு மேலாளர். அண்ணியை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள்.

நாத்தனாருக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் திரை முன் உட்கார்ந்து, அந்த நேரத்தில் டேட்டாபேஸில் நடந்தவற்றைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தாள். பச்சைக் கோடு வெறும் சராசரி. இமைப்பொழுதில் முடிந்த ஆயிரக்கணக்கான சின்னத் தேடல்களுக்கு நடுவே, தவித்து நின்ற சில பதிவுகள் தெரியவே இல்லை. மருந்துக் கிடங்கிலிருந்து யாரோ ஓட்டிய பெரிய கணக்கெடுப்பு, வேறு யாரும் எழுத முடியாதபடி மருந்து விவரங்களைப் பூட்டி வைத்திருந்தது. அண்ணியின் பதிவு வெளியே காத்துக் காத்து, நேரம் கடந்து, சத்தமில்லாமல் கைவிடப்பட்டிருந்தது.

நேரே மேலாளரிடம் போனாள்.

“அவங்க என்ட்ரி போட்டாங்க சார். நம்ம வாசல்ல நின்னுட்டுத் திரும்பிப் போயிருக்கு. போன்லயும் சொன்னாங்க, நான்தான் தட்டிக் கழிச்சேன்.”

“சொந்தக்காரங்களக் காப்பாத்தப் பாக்குறியா? உன் தலைதான் உருளும்.”

“உருளட்டும் சார்.”

அவளுடைய பதவி உயர்வு போயிற்று. காத்திருக்கும் பதிவுகளுக்கெனத் திரையில் தனிக் கோடு வந்தது. அண்ணிக்கு வேலை திரும்பக் கிடைத்தது. பெரியவர் வீடு திரும்பினார். ஆனால் பேச்சு குழறியது.

விடுமுறையன்று அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணி துணி மடித்துக்கொண்டே நிமிராமல் பேசினாள்.

“நீ வாயைத் திறக்கலன்னா எனக்கு வேலை இல்ல. தெரியும். ஆனா அந்தப் பெரியவரு சம்சாரம் என் கையப் பிடிச்சுக்கிட்டு, ‘எந்த ஊசிம்மா இப்படிப் பண்ணுச்சு, நீ போட்டதா, அடுத்து வந்த பொண்ணு போட்டதா’ன்னு கேட்டாங்கடி. நான் என்னன்னு சொல்லுவேன்?”

அவள், மடிக்காமல் கிடந்த போர்வையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். அண்ணி பிடுங்கிக்கொள்ளவில்லை. நிமிராமலே மறுமுனையை எடுத்தாள்.