பவுணம்மா, வயது பதினாலு

பவுணுக்கு இளமை திரும்பிவிட்டது என்றுதான் லவன் முதலில் நினைத்தான். பதினான்கு வயதுப் பூனை அது. இரண்டு வருடமாக வெங்காயச் சாக்கின் மேல் படுத்துக் கிடந்ததைத் தவிர வேறு வேலை பார்க்கவில்லை. அந்தப் பங்குனி மாதம் திடீரென்று மதிலில் ஓடியது, ஓணானைத் துரத்தியது, குசினி மேசையில் ஏறி அவன் சாப்பாட்டுத் தட்டிலிருந்த பொரித்த மீனைப் பறித்துக்கொண்டு போனது.

"இஞ்சேரும், உம்மட பூனை திரும்பவும் குமரியாகிட்டுது," என்று மனைவியிடம் சொல்லிச் சிரித்தான்.

பவதாரணிக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் அனலைதீவின் குடும்பநல உத்தியோகத்தர். தீவில் பிறக்கிற ஒவ்வொரு பிள்ளையின் எடையையும் மாதாமாதம் நிறுத்து அட்டையில் குறிப்பது அவள்தான். எடை ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்துப் பார்த்துப் பழகிய கை. பூனையைத் தூக்கியபோது அந்தக் கைக்கு எலும்புதான் தட்டுப்பட்டது.

லவன் வெங்காயம் நிறுக்கிற தராசில் பூனையைப் பையோடு கொழுவிப் பார்த்தாள். இரண்டு கிலோ அறுநூறு. பொங்கலுக்கு முன் விளையாட்டாக நிறுத்தபோது நாலு கிலோவுக்கு மேல் இருந்தது.

அன்றிலிருந்து பவுணுக்கு நாளுக்கு ஐந்து நேரம் சாப்பாடு. ஐந்து நேரமும் தட்டை வழித்து நக்கிவிட்டு, இன்னும் வேண்டும் என்று கத்தியது. ஆனாலும் மெலிந்துகொண்டே போனது. ஒருநாள் பக்கத்து வீட்டுக் கோசலா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"என்ன மிஸ், பூனைக்குச் சாப்பாடு ஒண்டும் குடுக்கிறேல்லையோ? எலும்பு தெரியுது."

கோசலா சும்மாதான் கேட்டாள். பவதாரணிக்கோ முகம் சூடாகிவிட்டது. போன மாதம் கிளினிக்கில் எல்லாருக்கும் முன்னால் அவளே இதைத்தான் கஜாலினியிடம் கேட்டிருந்தாள். கஜாலினியின் மகனுக்குப் பத்து மாதம். இரண்டு மாதமாக எடை ஏறவில்லை. "பிள்ளைக்குச் சாப்பாடு குடுக்கிறீரோ, இல்லாட்டி ரிவிக்கு முன்னாலை இருக்கிறீரோ?" என்று கேட்டபோது, "குடுக்கிறன் மிஸ், அவன் நல்லாச் சாப்பிடுறவன்" என்று சொன்ன அந்தப் பெண்ணின் கண் கலங்கிப் போனது. பவதாரணி அட்டையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

அடுத்த நாள் உடுப்புக் கூடையில் பவுணை வைத்து, மேலே மீன்வலைத் துண்டைக் கட்டி, இருவரும் படகேறி ஊர்காவற்றுறைக்குப் போனார்கள். மிருக வைத்தியர் நிலாந்தினி ஆடு, மாடுகளைப் பார்த்துப் பழகியவர். பூனையைக் கண்டதும் அவருக்கே ஒரு சந்தோசம். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். பிறகு தொண்டையை இரண்டு விரலால் மெல்லத் தடவினார்.

"இஞ்சை தொட்டுப் பாருங்கோ. பயறு மாதிரி ஒண்டு உருளுதல்லோ? தைரொயிட் சுரப்பி வீங்கிக் கிடக்கு. அது கூடுதலாச் சுரந்தால் உடம்பு ஓயாமல் எரியும். எவ்வளவு சாப்பிட்டாலும் காணாது. இருதயமும் ஓட்டமாத்தான் ஓடும்."

"அப்ப அது துள்ளித் திரிஞ்சது?" என்று லவன் கேட்டான்.

"அது இளமை இல்லை, நோய். பயப்பிடாதைங்கோ. வயசு போன பூனையளுக்கு வாறதுதான், குளிசை மருந்திலை கட்டுப்படுத்தலாம். முதல் இரத்தத்தைச் சோதிச்சு உறுதிப்படுத்துவம்."

பூனைக்கென்று ஆய்வுகூடம் யாழ்ப்பாணத்தில் இல்லை. மனிதரின் இரத்தம் பார்க்கிற இடத்தில்தான் கொடுக்க வேண்டும். வைத்தியர் பவுணின் இரத்தத்தை ஒரு சிறு குப்பியில் எடுத்து, ஒரு கடிதமும் தந்தார். பவதாரணி பூனையோடு வீட்டுக்குத் திரும்ப, லவன் ஐஸ் போட்ட பிளாஸ்கில் இரத்தக் குப்பியை வைத்துக்கொண்டு பஸ் ஏறினான். ஆய்வுகூடத்தில் சனம் நிறைந்திருந்தது. பூனை என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில் கடிதத்தைச் சேட்டுப் பொக்கற்றிலேயே வைத்துக்கொண்டான்.

"பேர்?"

"பவுண்."

"பவுணம்மாவோ?"

"ஓம்... அப்பிடித்தான்."

"வயசு?"

"பதினாலு."

"இந்தக் காலத்திலை பிள்ளையளுக்கு இப்பிடிப் பேர் வைக்கிறது நல்லதுதான்," என்று எழுதிய பெண் சொன்னாள். லவன் மனைவியின் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்து, நன்றி சொல்லிவிட்டு வந்தான்.

இரண்டு நாள் கழித்து கிளினிக் நாள். பவதாரணி ஒரு பிள்ளையைத் தராசுத் தொட்டிலில் வைத்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. கை ஓய்வில்லாததால் ஒரு விரலால் ஸ்பீக்கரை அமத்தினாள்.

"வணக்கம், பவுணம்மாவின்ர அம்மாவோ?" ஆய்வுகூடத்திலிருந்து ஓர் இளைஞனின் குரல்.

"ஓம், சொல்லுங்கோ தம்பி."

"அன்ரி, பதறாதைங்கோ. பிள்ளைக்குத் தைரொயிட் மெத்தக் கூட. இண்டைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. பிள்ளை சரியா மெலிஞ்சிட்டாவோ?"

"சரியா மெலிஞ்சிட்டா."

"பள்ளிக்கூடம் போறவவோ?"

"இல்லைத் தம்பி." நீள மர வாங்கில் வரிசையாக இருந்த பதினொரு தாய்மாரும் அவளையே பார்த்தார்கள். "அவ பூனை."

அந்தப் பக்கம் கடதாசி புரள்கிற சத்தம் கேட்டது.

"பூனையோ?"

"ஓம். நாலு காலுள்ள பூனை."

முதலில் சிரித்தது கஜாலினிதான். அடக்கப் பார்த்தும் ஏலாமல் மகனின் தலையில் முகத்தைப் புதைத்துக் குலுங்கினாள். பிறகு வாங்கே குலுங்கியது. தொலைபேசிக்குள்ளும் இளைஞன் யாரையோ கூப்பிட்டுச் சொல்ல, அங்கேயும் சிரிப்பு எழும்பியது. தொட்டிலில் கிடந்த பிள்ளை மிரண்டு அழத் தொடங்கியது. பவதாரணி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தானும் கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

சிரிப்பு அடங்கியபோது கஜாலினியின் முறை வந்தது. பவதாரணி பிள்ளையை நிறுத்தாள். ஏறவில்லை. அட்டையை மூடி வைத்துவிட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னாள்.

"கஜாலினி, போன மாசம் நான் உம்மை அப்பிடிக் கேட்டது பிழை. என்ர வீட்டிலை ஒண்டு ஐஞ்சு நேரம் சாப்பிட்டும் எலும்பாக் கிடக்கு. நீர் குடுக்கிறனெண்டு சொன்னதை நான் நம்பியிருக்கவேணும். பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் தாறன், பிள்ளையை வடிவாச் சோதிச்சுப் பாப்பம்."

பவதாரணி எழுதி நீட்டியதைக் கஜாலினி வாங்கினாள். கடிதத்தை நாலாக மடித்து, திரும்ப விரித்து, மறுபடியும் மடித்தாள். அவள் முகம் நன்றாகத் தெளிந்திருந்தது.

பவுணுக்குக் காலையில் அரைக் குளிசை, பின்னேரம் அரைக் குளிசை. தூளாக்கக் கூடாது, தொட்டால் கை கழுவ வேண்டும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். தீவிலுள்ள குழந்தைகள் எல்லாருக்கும் சொட்டு மருந்து கொடுத்த பவதாரணி ஒரு கிழட்டுப் பூனையிடம் தோற்றாள். மீனுக்குள் வைத்தால் மீனைத் தின்றுவிட்டுக் குளிசையை மட்டும் தட்டின் ஓரத்தில் வைத்தது. வெண்ணெயில் உருட்டினால் வெண்ணெயை நக்கிவிட்டுத் துப்பியது. லவன் வாயைத் திறந்து பிடிக்கப் போய், இரண்டு கையிலும் கீறல் வாங்கினான்.

இதற்குள் தீவு முழுக்கப் பவுணம்மாவின் சுகம் விசாரித்தது. படகிலும் சங்கக்கடையிலும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருவர் நண்டுச் சதை என்றார், இன்னொருவர் முட்டை மஞ்சள் கரு என்றார். பவுண் எல்லாவற்றையும் தின்றது, எல்லாக் குளிசையையும் துப்பியது.

ஐந்தாம் நாள் கஜாலினி ஒரு வாழையிலைப் பொட்டலத்தோடு வாசல் படலையடியில் வந்து நின்றாள். அவளுடைய கணவன் கடற்றொழிலாளி.

"மீன்சினை மிஸ். இவர் விடியப் பிடிச்சது. அவிச்சு, நடுவிலை கீறிக் குளிசையை வைச்சுப் பாருங்கோ. மணிமணியா இருக்கிறதாலை எது குளிசை எண்டு அவவுக்குத் தெரியாது."

மூவரும் குசினிக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள். பவுண் மணந்தது, நக்கியது, ஒரே வாயில் விழுங்கியது. லவன் தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். தட்டில் ஒன்றும் இல்லை. அவன் கைதட்டியதில் பூனை பயந்து ஓடி அலுமாரிக்குப் பின்னால் ஒளிந்தது.

கஜாலினியின் மகனுக்குச் சிறுநீரில் கிருமி என்று பெரியாஸ்பத்திரியில் கண்டுபிடித்தார்கள். மருந்து கொடுத்தபின் அடுத்த கிளினிக்கில் நானூறு கிராம் ஏறியிருந்தான். பவதாரணி தராசு முள்ளை இரண்டு தரம் பார்த்துவிட்டுப் பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளினாள்.

ஆவணியில் பவுணை மறுபடியும் ஊர்காவற்றுறைக்குக் கொண்டுபோனார்கள். மூன்று கிலோ அறுநூறு. நிலாந்தினி நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார்.

"நல்ல ஆறுதலா அடிக்குது. இடைக்கிடை இரத்தம் பாக்கவேணும். ஆனால் குளிசையை நிப்பாட்டக் கூடாது. ஆயுள் முழுக்கக் குடுக்கவேணும்."

"அவவின்ர ஆயுளோ, எங்கட ஆயுளோ டொக்டர்?" என்று லவன் கேட்க, வைத்தியர் கதிரையில் சாய்ந்து சிரித்தார்.

திரும்பி வரும்போது கடல் தகடு போலக் கிடந்தது. பவுண் கூடைக்குள் இருக்க விரும்பாமல் லவனின் மடியில் ஏறிச் சுருண்டது. இயந்திரம் இரைகிற இரைச்சலில் அப்படியே தூங்கியும் போனது. அனலைதீவு இறங்குதுறையில் படகு தட்டியது. சனம் இறங்கியது, சாமான்கள் இறங்கின. பவதாரணி வெறும் கூடையோடு மேலே நின்று திரும்பிப் பார்த்தாள். லவன் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

"லவன் அண்ணை, இறங்கேல்லையோ?" என்று படகோட்டி றொபேட் கேட்டான்.

"சத்தம் போடாதையடா. இப்பதான் நித்திரை கொண்டவ."

றொபேட் எட்டிப் பார்த்தான். பிறகு இயந்திரத்தை நிறுத்திவிட்டு, தானும் விளிம்பில் குந்தி, பூனை எழும்பும் வரைக்கும் காத்திருந்தான்.