இறுகாத கதவு

கனகாம்பிகை ரீச்சரின் வீட்டுக்குக் கதவு இரண்டு. பின்கதவைக் கள்ளருக்குப் பயந்து ஆணி அடித்து மூடியாயிற்று. முன்கதவோ கார்த்திகை மழை தொடங்கினால் தண்ணீர் குடித்து வீங்கி, நிலையோடு இறுகிக்கொண்டு அசையாது. உள்ளே நின்று இழுக்க அறுபத்தெட்டு வயதுக் கைகளுக்குப் பலம் ஏது? சண்டிலிப்பாய் ஊரில் பாதிப் பேருக்கு இரசாயனம் படிப்பித்த மனுசி, மாரி முழுக்கத் தன் வீட்டுக்குள்ளேயே சிறை இருந்தார்.

சிறையைத் திறப்பவள் பக்கத்து வளவுச் சின்னத்தங்கம். காலை ஏழு மணிக்கு, தோட்டத்துக்குப் போகும் வழியில், வேலியில் ஆள் நுழையும் பொட்டுக்குள்ளால் குனிந்து வருவாள். கதவில் தோளைக் கொடுத்து ஒரு தள்ளு. "ரீச்சர், உயிரோடை இருக்கிறியளோ?" என்றொரு கேள்வி. பிறகு தேத்தண்ணியும் அரை மணி நேர ஊர்க்கதையும். கோடையில் அவள் வருவதில்லை. அலுவல் இல்லாமல் ஒரு ரீச்சர் வீட்டுப் படி ஏறி அவளுக்குப் பழக்கமில்லை. மழைக்காக ஏன் இப்படிக் காத்திருக்கிறேன் என்று ரீச்சரும் தன்னைக் கேட்டதில்லை.

இந்த வருடம் ஆவணியில் ஜெயரூபன் வந்தான். ரீச்சரிடம் படித்தவன், இப்போது மரப்பலகைகளுக்கு மருந்தேற்றி ஆராய்கிறவன். வீங்கும் கதவைப் பற்றிக் கேள்விப்பட்டு, தன் பரிசோதனைப் பலகையில் செய்த புதுக் கதவொன்றைக் கொண்டுவந்து நிலையில் பொருத்திவிட்டுப் போனான். கூடவே ஒரு கொப்பியும் தந்தான். மாரியில் தினமும் எழுத வேண்டும்: நாள், கதவுக்கும் நிலைக்கும் இடைவெளி, இறுகியதா, குறிப்பு.

புதுக் கதவின் புதினம் பார்க்கச் சின்னத்தங்கம் வந்தாள். "என்ன ரீச்சர், அச்சாறுப் போத்தல் மாதிரி மணக்குது?"

"அச்சாறுக்கு விடுற வினாகிரியின்ரை சாதியிலை ஒரு மருந்து. மரத்துக்குள்ளை தண்ணி வந்து ஒட்டுற இடங்கள் இருக்கு. இந்த மருந்து முந்திப் போய் அங்கை குந்திவிடும். பிறகு தண்ணிக்கு இடமில்லை. மரம் வீங்காது, சுருங்காது." நாற்பது வருடப் பாடம் நாக்கில் துள்ளியது. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். ரீச்சர் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "இனி உமக்கு ஒரு கரைச்சலும் இல்லை, சின்னத்தங்கம். விடிய ஓடி வரத் தேவையில்லை."

சின்னத்தங்கம் கதவையே பார்த்தாள். "ஓம் ரீச்சர், நல்லதுதானே," என்றாள். தேத்தண்ணி பாதியில் கிடந்தது.

மழை வந்தது. கதவு ஒரு விரலால் இழுக்கவே திறந்தது. முதலாம் நாள், இறுகவில்லை. இரண்டாம் நாள், இறுகவில்லை. ரீச்சருக்கு முதல் வாரம் பெருமை. இரண்டாம் வாரம் கொப்பியைக் கண்டாலே எரிச்சல். பத்தொன்பதாம் நாள் தபால்காரருக்குப் பதில் சொல்லப் போனபோது குரல் எழும்பவில்லை. மூன்று நாளாக யாரோடும் ஒரு சொல் கதைக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அன்று ரீச்சர் அடுப்படியில் இருந்து அழுதார்.

வேலிக்கு அப்பால் சின்னத்தங்கம் தினமும் போய்வந்தாள். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். ஆனால் என்ன அலுவல் என்று கூப்பிடுவது? சும்மா வாரும் என்று சொல்ல ரீச்சருக்கு வாய் வரவில்லை.

இருபத்திரண்டாம் நாள், ஏழு மணிக்குச் சற்று முன், ரீச்சர் கதவைச் சாத்தி, அதில் முதுகைக் கொடுத்து, கால்மிதியில் காலை ஊன்றிக்கொண்டார். பக்கத்து வளவில் காலடி கேட்டது.

"சின்னத்தங்கம்! கதவு இறுகிப்போச்சு. ஒருக்கால் வாரும்!"

சொன்னது பொய். அளக்காமல் அளவு எழுதிய பிள்ளைகளை வகுப்புக்கு வெளியே நிறுத்தியவர் அவர்.

வேலி சரசரத்தது. ஒரு தள்ளு. ரீச்சர் விடவில்லை. இரண்டாவது தள்ளில் கால்மிதி வழுக்க, ஒதுங்கிக்கொண்டார். கதவு சத்தமில்லாமல் திறந்தது. மழைக்கு உரப்பையைத் தலையில் கவிழ்த்தபடி சின்னத்தங்கம் நின்றாள். கதவின் ஓரத்தை விரலால் தடவினாள். ரீச்சரின் காலடியில் சுருண்டு கிடந்த கால்மிதியைப் பார்த்தாள். ரீச்சர் தலை நிமிரவில்லை.

"பொல்லாத இறுக்கம் ரீச்சர்," என்றாள் சின்னத்தங்கம். "நாளைக்கும் இறுகும் போலை கிடக்கு. விடிய வாறன்." உரப்பையை உதறி வாசலில் போட்டுவிட்டு உள்ளே வந்தாள். "தேத்தண்ணிக்குச் சீனி கொஞ்சம் கூடப் போடுங்கோ."

அவள் போனபின் ரீச்சர் கொப்பியை எடுத்தார். பொய் எழுதக் கை போகவில்லை. 'இறுகவில்லை' என்றே எழுதினார். பிறகு, இருபத்தொரு நாளாக வெறுமையாகக் கிடந்த குறிப்பு என்ற இடத்தில், நிறுத்தி நிதானமாக எழுதினார்: 'சின்னத்தங்கம் வந்தவ.'