உயர்தர ஆங்கிலமும் ஒரு நாற்காலியும்

"மனிதனை அடிமைத்தளையிலிருந்து மீட்பது வாளல்ல, சொல். அதிலும் உயர்ந்த சொல்."

இந்த மாபெரும் உண்மை, நுவரெலியாவில் ஒரு கருவாட்டுக் கடையின் மாடிப்படியோரம் தகரத்தில் எழுதித் தொங்கியது. கீழே ஓர் அம்புக்குறி. அது காட்டிய திசையில் பேரின்பநாயகம் மாஸ்டரின் ஆங்கில வகுப்பு.

ஞாயிறு பூசைக்கு டிமிக்கி கொடுத்துவிட்டு ஜூட் அந்தப் படிகளில் ஏறத் தொடங்கி இரண்டு வருஷமாகிறது. கந்தப்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் அவன் கணக்கெழுதும் கிளாக்கர். நியூசிலாந்திலிருக்கும் மைத்துனன் அங்கே அவனுக்கொரு வேலைக்கு ஏற்பாடு செய்திருந்தான். ஆங்கிலப் பரீட்சையில் ஒவ்வொரு பகுதியிலும் ஒன்பதுக்கு ஏழு புள்ளி எடுத்தால் போதும்.

"மச்சான், இங்க மேனேஜருக்கு முன்னால காலு மேல காலு போட்டு உக்காந்துதான் பேசுறேன்" என்று அவன் போனில் சொன்னது ஜூட்டின் நெஞ்சில் முள்ளாக நின்றுவிட்டது. தோட்டத்து மேனேஜரான துரையின் மேசைக்கு முன்னாலும் ஒரு நாற்காலி உண்டு. அது கொழும்பிலிருந்து வருகிற கனவான்களுக்கு. கங்காணியோ கிளாக்கரோ, துரைக்கு முன்னால் நிற்பதுதான் தோட்டத்து முறை. வேலையில் சேர்ந்த நாள் முதல் ஜூட் அந்த நாற்காலியின் முதுகைப் பார்த்தபடி நிற்கிறான்.

"'குட்' எண்டு எழுதாதையும், ஐசே. அது கடைத்தெருச் சொல்லு. 'எக்ஸெம்ப்ளரி' எண்டு போடும்" என்பார் மாஸ்டர். மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்து உத்தியோகத்தர். அந்தப் பரீட்சையை அவர் எழுதியதில்லை. எழுதினால் பரீட்சைக்குத்தான் அவமானம் என்பது அவர் கருத்து.

வேலை முடிந்து வந்ததும் ஜூட் அடுப்படியில் உட்கார்ந்து சொற்களை உருப்போடுவான். மனைவி டோரீன் ரொட்டி தட்டுவாள்.

"யுபிக்விட்டஸ். எங்க பாத்தாலும் இருக்கிறது."

"ஆண்டவருங்களா?"

"எதுவா இருந்தாலும் சரிதான்."

"அப்ப காலக் கடிக்கிற அட்டைன்னு எழுதிக்குங்க."

சிரிக்கத் தெம்பில்லை. காலையில் ஏறிய சொல் மாலையில் இறங்கிப் போய்விடுகிறது. பாதிச் சொல்லில் தூக்கம் வந்துவிடுகிறது. ஒருநாள் ஸ்டோரில் விறகு இருக்கிறதா என்று துரை ஆங்கிலத்தில் கேட்டார்.

"ப்ளெதோரா, சார்."

ஜூட்டைவிடப் பத்து வயது இளையவரான துரை நிமிர்ந்து பார்த்தார். "வாட்?"

"ப்ளெண்டி, சார்" என்று ஜூட் இறங்கி வந்தான்.

பரீட்சை கண்டியில் நடந்தது. எழுத்தில் அவன் வஞ்சகமே வைக்கவில்லை. எக்ஸெம்ப்ளரியை மட்டும் ஆறேழு இடத்தில் போட்டான். பிறகு பேச்சுப் பரீட்சை. தனி அறை. கம்பளிச் சட்டை போட்ட வெள்ளைக்கார அம்மா ஒருவர் சிரித்த முகத்தோடு, "உங்கள் ஊரைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார்.

ஜூட்டின் கைகள் தாமாகவே முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டன.

"யெஸ், மேடம்."

"அங்கே உங்களுக்குப் பிடித்தது எது?"

"எவ்ரிதிங் குட், மேடம்."

இரண்டு வருஷமாகச் சேர்த்த சொற்களில் ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை. வந்ததெல்லாம் துரையின் ஆபீஸில் புழங்கும் ஆங்கிலம்தான்: யெஸ், நோ, வெரி குட், சாரி.

மற்றதெல்லாம் தேறியது. பேச்சில் மட்டும் ஏழு எங்கோ மலையுச்சியில் நின்றது, ஜூட் அடிவாரத்தில்.

"எந்தச் சொல்லு உம்மைக் கைவிட்டது?" என்று மாஸ்டர் விசாரணை வைத்தார்.

"எல்லாமேதாங்க, சார்."

"அப்ப இன்னும் பெரிய சொல்லாப் பாக்கவேணும். வாற ஞாயிறு வாரும்."

வீட்டில் டோரீன் அவனுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். நியூசிலாந்துக்கென்று வாங்கிய பெரிய பெட்டியில் அவள் ஏற்கெனவே அரிசி கொட்டி வைத்திருந்தாள்.

"அந்த அம்மா கோவக்காரவுங்களா?"

"சேச்சே. தங்கமான பொம்பள. போனதும் உக்காருங்கன்னாங்க. நடுவுலயும் ஒருக்கா சொன்னாங்க."

"அப்புறம் என்னங்க? உக்காந்து ஆறுதலா பேசியிருக்கலாமே."

ஜூட் தேத்தண்ணியைக் குடித்தான்.

அந்த அறையில் இரண்டு நாற்காலிகள் இருந்தன. பரீட்சை முடியும்வரை அவன் நின்றுகொண்டே பதில் சொன்னான்.