இன்னும் ரெண்டே மாசம்

கல்லூரியில் அவருக்குப் 'பொறுங்க சார்' என்று பெயர். கம்ப்யூட்டர் பிரிவின் பொறுப்பாளர். யார் கம்ப்யூட்டர் வாங்குவதாக இருந்தாலும் முதலில் அவரிடம்தான் வந்து நிற்பார்கள். அவரும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, நாள் பார்த்துச் சொல்பவர் மாதிரி விரல் மடக்கி, "கொஞ்சம் பொறுங்க சார், அடுத்த மாடல் வருது" என்பார். பொறுத்துவிட்டு வந்தால் அப்போதும் அடுத்தது ஒன்று வந்துகொண்டிருக்கும். வேதியியல் துறைத் தலைவர் இப்படிப் பொறுத்துப் பொறுத்தே ஓய்வு பெற்றுவிட்டார் என்று ஆசிரியர்கள் அறையில் ஒரு கதை உண்டு.

அவரையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. சின்ன வயதில் ஒருமுறை சூடு பட்டவர். ஆசை ஆசையாய் முதல் கம்ப்யூட்டர் வாங்கிய பத்தொன்பதாம் நாள், அதே கடையில், அதே விலைக்கு, இரண்டு மடங்கு வேகமுள்ளதைக் கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கியிருந்தார்கள். யாரோ கைகொட்டிச் சிரித்த மாதிரி இருந்ததாம். அன்றிலிருந்து அவசரப்படுகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஒரு பரிதாபம்.

வீட்டிலும் இதே சட்டம்தான். வாஷிங் மெஷினுக்கு மூன்று வருடம் பொறுத்தார்கள், துவைத்த கைகள் மனைவியுடையவை என்பதால் அவருக்கு வலிக்கவில்லை. அவள் அதையும் சிரித்துக்கொண்டே சொல்லிக் காட்டுவாள். முதல் வகுப்பு டீச்சர். நாற்பது வாண்டுகளை ஒரே அதட்டலில் உட்காரவைக்கும் குரல், அவரிடம் வரும்போது மட்டும் "என்னங்க" என்று ஏறி இறங்கிக் குழையும். அவர் குளியலறையில் இருந்தாலும் மாடியில் இருந்தாலும் உடனே "சொல்லு" என்பார். காதில் வாங்கிச் சொல்வதில்லை. இருபத்தாறு வருடப் பழக்கத்தில் வாய் தானாகச் சொல்லிவிடும்.

அந்தக் குரலுக்குத்தான் ஆபத்து வந்தது. வகுப்பில் ஒருநாள் சாக்பீஸ் கைநழுவியது. பிறகு டம்ளர். மூன்று ஆஸ்பத்திரி ஏறி இறங்கிய பின் நரம்பு நோய் என்று பெயர் சொன்னார்கள். கை கால் மெல்ல மெல்லப் போகும், பேச்சு அதற்கும் முன்னால் போகும் என்றார்கள். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மாள்தான் ஒரு ஏற்பாட்டைச் சொன்னார். குரல் நன்றாக இருக்கும்போதே முந்நூற்றைம்பது வாக்கியங்களைப் படித்துக் கம்ப்யூட்டரில் பதிந்து வைக்க வேண்டும். அதிலிருந்து அது அவளுடைய குரலையே செய்து கொடுக்கும். பின்னால் பேச முடியாதபோது அவள் தட்டெழுதினால், அது அவள் குரலிலேயே பேசும். ஒரே நிபந்தனை, பதியும்போது வேறு சத்தம் கூடாது. இரைச்சலோடு இருக்கும் பழைய வீடியோக்கள் எதுவும் உதவாது.

"எவ்வளவு நாள் இருக்கு?" என்று அவர் கேட்டார்.

"ஆறு மாசம் இருக்கலாம். கம்மியாவும் இருக்கலாம். நான் உங்க இடத்துல இருந்தா இந்த வாரமே ஆரம்பிச்சிடுவேன்" என்றார் அந்த அம்மாள்.

வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வயது ஒன்பது. அதன் ஃபேன் மாவு மில் மாதிரி இரையும். அன்று மாலையே அவள் அதன் முன் உட்கார்ந்து ஒன்பது முறை படித்துப் பார்த்தாள். ஒன்பது முறையும், பின்னணியில் இரைச்சல் இருக்கிறது, ஏற்க முடியாது என்று திரை சொல்லிவிட்டது. சும்மா பார்த்துவிட்டாவது வரலாம் என்று மறுநாள் கடைக்குப் போனார்கள். ஃபேனே இல்லாத மெல்லிய கம்ப்யூட்டர் ஒன்று மேசைமேல் இருந்தது. அவள் அதன் மூடியின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

இங்கேயும் அவர் வாயைத் திறந்தார். இதற்கு அடுத்தது இரண்டு மாதத்தில் வருகிறது, தேதியே அறிவித்துவிட்டார்கள், குரல் வேலைக்கென்றே அதில் தனியாக ஒரு சிப், இதைவிட நாலு பங்கு தெளிவாகக் குரல் செய்யும் என்றார். ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில் வந்து பதியலாமே என்று அந்த அம்மாள் போனில் சொன்னதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காலம் முழுக்க இவள் பேசப்போகும் குரல், அதைப் போய் அரைகுறை மெஷினில் அடைப்பதா என்பது அவர் கட்சி. கஞ்சத்தனம் இல்லை. அவள் குரலின்மேல் அவருக்கு அவ்வளவு ஆசை. அந்த ஆசைதான் குடியைக் கெடுத்தது. அவள் மூடியிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். வாஷிங் மெஷினுக்கே மூன்று வருடம் பொறுத்தவள், இரண்டு மாதத்துக்கா மல்லுக்கட்டப்போகிறாள்?

அந்த இரண்டு மாதமும் அவர் தினமும் செய்தி பார்த்தார். வரவேண்டிய தேதிக்கு நாலு நாள் முன்பு, ஏதோ ஒரு பாகம் கிடைக்கவில்லை, ஐந்து வாரம் தள்ளிப்போகிறது என்று வந்தது. அதில் மூன்றாம் வாரம் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. சாதாரணக் காய்ச்சல்தான், அஞ்சு நாளில் விட்டுவிட்டது. ஆனால் போகும்போது நாக்கை இழுத்துவிட்டுப் போயிற்று. "தண்ணி" என்று அவள் கேட்டது அவருக்கு இரண்டாம் முறைதான் புரிந்தது.

அப்போதாவது பதிய ஓடியிருக்கலாம். இன்னும் ரெண்டே வாரம், வந்தவுடன் முதல் ஆளாக வாங்கிவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சொன்னபடியே கடை திறக்கும் முன் போய் நின்று வாங்கிக்கொண்டும் வந்தார்.

அற்புதமான மெஷின், அதில் சந்தேகமில்லை. மூச்சு விடுகிற சத்தம்கூடக் கிடையாது. அவள் முதல் வாக்கியத்தைப் படித்தாள். 'சொற்கள் தெளிவாக இல்லை. மீண்டும் படிக்கவும்.' மறுபடி படித்தாள். முதல் வகுப்புப் பிள்ளை மாதிரி எழுத்தெழுத்தாகக் கூட்டிப் பதினோரு முறை படித்தாள். பதினோராம் முறைக்குப் பிறகு மூடியை மெதுவாகச் சாத்திவிட்டாள். அவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டினாலும் அவருக்குப் புரிந்திருக்காது.

கடைசியில் கம்ப்யூட்டரிலேயே வரும் ஒரு பொதுக்குரலை வைத்துக்கொண்டார்கள். செய்தி வாசிப்பவள் மாதிரி ஒரு பெண். கோபமும் வராது, குழைவும் வராது.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம் அவர் சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். யார் வீட்டு டிவியிலோ ஒரு பெண் எதையோ சொன்னாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி சொன்னாள். மூன்றாம் முறையும் கேட்டது. அவர் அடுத்த காயை எடுத்தார். அப்போது உள்ளே ஸ்டீல் டம்ளர் விழுந்து உருண்டது. கத்தியைப் போட்டுவிட்டு ஓடினார்.

மனைவியின் கழுத்து ஒரு பக்கமாகச் சரிந்து, நாற்காலிக் கையில் காது அழுந்திக் கிடந்தது. நிமிர்த்தி உட்காரவைத்துத் தலையணை கொடுத்தார். காது மடல் சிவந்து கன்றியிருந்தது. அப்புறம்தான் திரையைப் பார்த்தார். ஒன்றின்கீழ் ஒன்றாக மூன்று வரி.

என்னங்க.

என்னங்க.

என்னங்க.

அவள் ஒரு விரலால் தேடித் தேடித் தட்டினாள். அந்தச் செய்தி வாசிப்பவள் படித்தாள். "இந்த நியூஸ்காரி கூப்பிட்டா நீங்க வரமாட்டீங்க போல."

கேலிதான். கண் சிரித்தது. அவருக்குத்தான் உறைத்தது. எந்த மூலையில் இருந்தாலும் பதில் சொன்ன மனுஷன், மூன்று முறை கூப்பிட்டும் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். இனிமேல் அவள் எத்தனை முறை கூப்பிட்டாலும் அப்படித்தான் இருக்கும்.

அலமாரிமேல் போர்வை சுற்றி வைத்திருந்த பழைய கம்ப்யூட்டரை இறக்கினார். அன்றைக்கு ஏற்க மாட்டேன் என்று தள்ளிய ஒன்பது பதிவும் அதில் அழியாமல் இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். இத்தனை நாள் கேட்கத் தைரியம் இல்லை. சுவிட்சைப் போட்டதும் ஃபேன் இரைய ஆரம்பித்தது. நாலு நிமிடம் ஆயிற்று அது எழுந்து உட்கார. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

முதல் பதிவு. "மழை நின்றதும் வெளியே போகலாம்." இரைச்சலுக்கு நடுவே அவளேதான். இரண்டாவது, மூன்றாவது, எல்லாம் அதே மழை. அவள் கண்ணை மூடிக்கொண்டாள், உதடு கூடவே அசைந்தது. ஒன்பதாவதில் வாக்கியம் முடிந்தும் பதிவு முடியவில்லை. நிறுத்தும் பொத்தானை அழுத்த மறந்திருக்கிறாள். ஃபேன் மட்டும் ஓடியது.

பிறகு, ஏறி இறங்கி, "என்னங்க."

"சொல்லு" என்று அவர் அவள் பக்கம் திரும்பிவிட்டார். பெட்டிக்குள்ளிருந்தும் அதே நேரத்தில், தூரத்து அறையிலிருந்து, "சொல்லு" என்றது அவர் குரல்.

எதிரே அவள் வாய் மூடியிருந்தது.

"இந்த ஃபேன் சத்தத்துல ஒண்ணுமே பதிய மாட்டேங்குதுங்க" என்றது பெட்டி. "நாளைக்கே போய் ஒண்ணு வாங்கிட்டு வந்துடலாமா? எனக்கு என்னமோ பயமா இருக்கு."

நடந்து வரும் காலடிச் சத்தம். அப்புறம் மைக்குக்கு மிகப் பக்கத்தில், அத்தனை இரைச்சலிலும் ஒரு எழுத்து பிசகாமல், நல்ல உற்சாகமாக அவர் குரல் பதிந்திருந்தது.

"பொறும்மா. இன்னும் ரெண்டே மாசம்."