விலை படியாத மெத்தை

கோடையில் எங்கள் ஊரில் மெத்தை விற்காது. தரையில் தண்ணீர் தெளித்துவிட்டுப் படுக்கிறவனிடம் தடிமனான நுரை மெத்தையைக் காட்டினால், அவன் நம்மை மேலும் கீழும் பார்ப்பான். அதனால்தான் வீண் செலவு என்று ஒன்றைச் செய்தே அறியாத என் மாமனார், கடையின் உள்ளறைக்கு ஏசி போட்டார். புழுக்கத்தில் படுத்துப் பார்க்கிறவன் மெத்தையைத்தான் திட்டுவான் என்பது அவர் கணக்கு. கணக்கு என்னவோ சரிதான். வந்தவர்கள் யாரும் மெத்தையைத் திட்டவில்லை. ஏசியைப் பாராட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

நான் வீட்டோடு மாப்பிள்ளை இல்லை, கடையோடு மாப்பிள்ளை. மாமனார் என்னைத் திட்டுவதானாலும் வாங்க, போங்க என்றுதான் திட்டுவார். மரியாதையோடு வாங்கும் திட்டு சீக்கிரம் ஆறாது. கடைக்கு அவர் வைத்த சட்டம் இரண்டு. பேரம் முடியாமல் யாரையும் வெளியே அனுப்பக் கூடாது. ஒரு தடவை வாயால் சொன்ன விலையை ஏற்றக் கூடாது. முதலாவதை மீறினால் வியாபாரம் போகும், இரண்டாவதை மீறினால் பேர் போகும் என்பார்.

அந்த வருடம் வெயில், கிளம்ப வேண்டிய நாள் தாண்டியும் உட்கார்ந்தே இருந்த விருந்தாளி மாதிரி அசையவில்லை. குழாயைத் திறந்தவர்கள் கையை உதறினார்கள். தார் இளகிச் செருப்பைப் பிடித்து இழுத்தது. சாயங்காலம் மேற்கே மேகம் வரும். நின்று விசாரிக்கும், லேசாக உறுமும், எல்லாச் சரக்கையும் கலைத்துப் போடச் சொல்லிவிட்டு வெறுங்கையோடு நழுவுகிற ஆள் மாதிரி போய்விடும். ஒரு சொட்டு கைமாறாது.

அப்படி ஒரு மதியம், மாமனார் சாப்பிட்டுத் தூங்க வீட்டுக்குப் போயிருந்தபோது, ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வந்தார்கள். படுத்துப் பார்க்கலாமா என்று கேட்டாள். அதற்குத்தானே அறையே இருக்கிறது என்றேன். மூலையில் கிடந்த மெத்தையில் அவர் சாய்ந்தார். அதன் அருமை பெருமைகளை நான் சொல்லி முடிப்பதற்குள் ஆள் இல்லை, தூங்கிவிட்டார். அவள் குரலைத் தாழ்த்தி விலை கேட்டாள். சொன்னேன். பாதிக்குக் கேட்டாள். பாதியில் தொடங்குகிறவர்கள் தொழில் தெரிந்தவர்கள், அலுப்பாக இருந்தாலும் மரியாதை வந்தது. டீ நேரம் வரை இழுத்தோம். பிறகு அவர் கால் கட்டைவிரலைத் தொட்டு எழுப்பி, நாளைக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாளும் வந்தார்கள். அதற்கு மறுநாளும்.

இந்த வெயிலில் வாயாட என்னிடம் தெம்பு இல்லை. நாலைந்து நாள் கழித்து, தொலையட்டும் என்று ஒரேயடியாக அவள் விலைக்குப் பக்கத்தில் இறங்கினேன். அவள் முகம் வெளுத்தது. உடனே தன் விலையை இன்னும் கீழே இறக்கினாள். நான் இறங்க இறங்க அவளும் இறங்கினாள். இப்படி ஒரு பேரத்தை எங்கள் வம்சத்தில் யாரும் கண்டிருக்க மாட்டார்கள். என்னம்மா இது என்றேன்.

"ராத்திரி பஸ் ஓட்டுறாருண்ணே," என்றாள். "பகல்ல தூங்கியாகணும். எங்க வீடு தகரக் கூரை. ஃபேன் போட்டா அனல்தான் அடிக்குது. போன வாரம் ஒரு வளைவுல கண்ணு சொருகிடுச்சாம். பின்னாடி இருந்தவங்க யாருக்கும் தெரியாது, எங்கிட்ட மட்டும் சொன்னாரு. மழை வர்ற வரைக்கும் இங்க தூங்கட்டும்ண்ணே."

அன்றிலிருந்து நாங்கள் மிகவும் நிதானமாகப் பேரம் பேசினோம். உறையின் நிறம், தலையணை சேர்த்தா சேர்க்காமலா, வண்டிக் கூலி யார் தலையில் என்று சுற்றிச் சுற்றி வந்தோம். அப்படியும் விலை நாளுக்கு நாள் கொஞ்சம் இறங்கத்தான் செய்தது, ஏற்றத்தான் மாமனார் சட்டம் இடம் தராதே. மழை முந்துமா, விலை முந்துமா என்று எனக்குக் கவலையாகிவிட்டது. அவர் குறட்டை விடுகிறவர் இல்லை. வலது கால் மட்டும் அவ்வப்போது அழுந்தும். தூக்கத்திலும் பிரேக் போட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு மதியம் வீட்டில் கரண்ட் போனதால் மாமனார் சீக்கிரமே திரும்பிவிட்டார். வந்தவர் உள்ளறை வாசலில், திரைக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டிருக்கிறார். பல நாளாகப் போணி ஆகாத கடையில் பேரச் சத்தம் கேட்டால் அவருக்குப் பத்து வயது குறையும். உள்ளே வந்து, தள்ளுங்க மாப்பிள்ளை என்று என் ஸ்டூலில் உட்கார்ந்து, அவள் கடைசியாகக் கேட்ட விலை என்ன என்றார். வேறு வழியில்லாமல் சொன்னாள்.

"எடுத்துக்கம்மா. உன் விலைதான்."

வண்டிக்குச் சொல்லுங்க என்று என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். நாளைக்குப் பணம் கொண்டு வருகிறேன் என்று சொல்லி அவள் தப்பியிருக்கலாம். அதற்கும் தெம்பில்லை போலிருக்கிறது.

"வாங்க வரலைங்கய்யா," என்றாள். "தூங்க வந்தோம்."

மீதியை நான் சொன்னேன், வளைவில் கண் சொருகியது உட்பட. எத்தனையோ காலமாக யாரிடமும் ஏமாறாத மனிதரின் முகம் எப்படிப் போகும் என்று எதிர்பார்த்தேனோ அப்படித்தான் போனது. எழுந்து மூலைக்குப் போனார். எழுப்பிவிடப் போகிறார் என்றே நினைத்தேன். அவர் சும்மா நின்றார். அந்த வலது கால் ஒரு முறை அழுந்தியது, விட்டது, மறுபடி அழுந்தியது. எத்தனை மணிக்கு வண்டி எடுப்பார் என்று கேட்டார். இருட்டினதும் எடுப்பார் என்றாள். திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்து கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அந்த விலைக்குக் கட்டாதும்மா. தெரியாம சொல்லிட்டேன்."

பிறகு ஒரு விலை சொன்னார். முதல் நாள் நான் சொன்னதைவிட அதிகம். சொன்ன விலையை மாமனார் ஏற்றி அன்றுதான் பார்த்தேன். அதைச் சொல்லும்போது அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. "அநியாயமா இருக்கே," என்றாள்.

"அநியாயம்தான். அதான் பேசச் சொல்றேன். அவசரமில்ல, மெதுவாப் பேசு."

அதற்குப் பிறகு நான் வேடிக்கை பார்க்கிறவன் ஆனேன். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போவதையே மாமனார் விட்டுவிட்டார். இரண்டு பேரும் மணிக்கணக்கில் கிசுகிசுத்தார்கள். இறங்கிய விலை அடுத்த நாளே அலட்சியமாக ஏறியது. பேர் போனால் போகட்டும் என்று விட்டுவிட்டார் போல.

கடைசியில் மழை ஒரு நண்பகலில் விசாரணை, உறுமல் எதுவும் இல்லாமல், கையில் ரொக்கத்தோடு வந்தவன் மாதிரி கொட்டியது. அன்று அவர்கள் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூலை மெத்தையில் ஒரு ஆள் நீளத்துக்குப் பள்ளம் விழுந்திருந்தது. இனி அதைப் புதுச் சரக்கு என்று விற்க முடியாது.

பல நாள் கழித்து அவள் மட்டும் வந்தாள். தகரத்தில் மழை தடதடக்கிறது, அந்தச் சத்தத்திலும் வீட்டிலேயே அடித்துப் போட்ட மாதிரி தூங்குகிறார் என்றாள். ஒரு தலையணை கேட்டாள். இந்த முறை நிஜமாகவே வாங்க வந்திருந்தாள், அதனால் பேரத்தில் ஈவு இரக்கமே காட்டவில்லை. மாமனார் நஷ்டத்துக்குக் கொடுத்தார். எல்லாம் நீங்க சொல்லிக் கொடுத்ததுதாங்கய்யா என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போனதும் மாமனார் உள்ளறைக்குப் போனார். பள்ளம் எவ்வளவு ஆழம் என்று பார்க்க வேண்டும் என்றார். படுத்தார். அப்படியே கிடந்தார். மழைக் குளிர்தான் இருக்கிறதே என்று நான் ஏசியை அணைத்தேன்.

கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "போடுங்க மாப்பிள்ளை. பேரம் இன்னும் முடியல."