சொண்டுக்காரி எங்கே படுப்பாள்?

மகள் புத்தகத்தை மறுபடியும் சவப்பெட்டிக்குள் வைத்துவிட்டாள். செபமாலை சுற்றியிருந்த அப்பாவின் கைகளுக்கு அடியில், சரியாக நெஞ்சின்மேல். ஜெயரூபினி அதைப் பிடித்து இழுத்தாள். இழுத்த வேகத்தில் அப்பாவின் சட்டைத் தெறி ஒன்று கழன்றுபோனது.

"எத்தினை தரம் சொல்லுறது? இது முன்பள்ளிப் புத்தகம். திருப்பிக் குடுக்கவேணும்."

"அம்மப்பாவுக்குக் கடைசிப் பக்கம் வாசிக்கேல்ல," என்றாள் யதுர்ஷிகா. அழுது வீங்கிய முகத்தில் பிடிவாதம் மட்டும் வாடாமல் இருந்தது.

"அவருக்கு அது பாடம். போய் முகத்தைக் கழுவு."

அது உண்மைதான். அப்பா மரியநாயகத்துக்கு அந்தப் படக்கதை எழுத்துக்கு எழுத்து மனப்பாடம். கொக்கிளாயிலிருந்து பூவரசங்குளத்துக்கு மகளைப் பார்க்க வரும்போதெல்லாம், கருவாட்டுப் பையை வாசலில் வைத்துவிட்டு, கால்கூடக் கழுவாமல் பேத்தியை மடியில் இருத்தி அதைத்தான் வாசிப்பார். ஜெயரூபினி முன்பள்ளி ரீச்சர். வீட்டுக்கு எத்தனையோ புத்தகங்கள் வந்து போயின. அந்த மனிதருக்குப் பிடித்தது இந்த ஒன்றுதான். நேற்றுப் பின்னேரம் வலை காயப்போட்ட இடத்தில் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குந்தினவர் எழும்பவில்லை என்று செய்தி வந்து, வாடகை வான் பிடித்துக் கொக்கிளாய்க்கு ஓடிவந்த அவசரத்திலும் பிள்ளை இதை மறக்காமல் தன் உடுப்புப் பைக்குள் வைத்திருந்தாள்.

புத்தகத்தின் பெயர் 'பெரிய சொண்டுக்காரி'. அவள் பை தொங்கும் பெரிய அலகுள்ள ஒரு கூழைக்கடா. களப்பு வற்றிய காலத்தில் தன் சொண்டுப் பைக்குள் சேர்த்து வைத்த மீனையெல்லாம் கொக்குக்கும் நாரைக்கும் கொடுத்துவிடுவாள். குளிரில் நடுங்கும் தாராக் குஞ்சுகளுக்குத் தன் இறகைப் பிடுங்கி மெத்தை போடுவாள். கடைசியில், எங்கிருந்தோ பறந்து வந்து களைத்து விழுந்த ஒரு பறவைக்குத் தன் கூட்டையே கொடுத்துவிட்டு, களப்புக்கு நடுவே ஒரு கட்டையில் போய் நிற்பாள். மழை பெய்யும். கடைசிப் படத்தில் அவள் சிரித்துக்கொண்டிருப்பாள். அதற்குக் கீழே கேள்வி: 'சிறுவர்களே, சொண்டுக்காரி ஏன் சிரிக்கிறாள்?'

ஜெயரூபினிக்கு அந்தப் படத்தைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். முன்பள்ளியில் வாசிக்கும்போது அந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விடுவாள். பிள்ளைகள் கேட்பது வேறு கேள்வி. "ரீச்சர், இனி அவள் எங்க படுப்பாள்?" அதற்குப் புத்தகத்தில் பதில் இல்லை.

"மீனைத் திண்டதுகள் எல்லாம் எங்க போயிட்டுதுகள்? ஒண்டாவது வந்து பக்கத்தில நிக்கக் கூடாதோ?" என்று ஒருநாள் அப்பாவிடம் கேட்டாள்.

"அவள் சிரிச்சுக்கொண்டுதானே நிக்கிறாள், பிள்ளை."

"படம் கீறினவன் மழையில நிக்கேல்ல அப்பா."

அப்பா அதற்கும் சிரித்தார். அவருக்கு வீட்டிலும் அதே வேலைதான். பட்ட மீனில் நல்லதெல்லாம் அயலுக்குப் போகும். வீட்டுச் சட்டிக்கு முள்ளுத்தான் மிஞ்சும். அகதி முகாமிலிருந்து ஊர் திரும்பிய புதிதில் ஜெயரூபினி பள்ளிக்கூடம் போகக் கிடைத்த சைக்கிளை, தூரத்திலிருந்து நடந்து வரும் ஒரு பிள்ளைக்குத் தூக்கிக் கொடுத்தார். "உனக்குக் கிட்டத்தானே" என்றார். கொடுப்பது அவர். நடப்பது இவள். பிறகு படகு எஞ்சினை ஒரு கிழமைக்கு என்று வாங்கிக்கொண்டு போனவன், இதோ, பெட்டிக்கு முன்னால் முதல் கதிரையில் இருந்து தேம்பித் தேம்பி அழுகிறான். எஞ்சின் எங்கே என்று அவனைக் கேட்க அவளுக்கு நாக்குத் துடித்தது. செத்தவீட்டில் கேட்கிற கேள்வியா அது என்று அடக்கிக்கொண்டாள்.

ஊர்க் கல்லறைத் தோட்டமான சேமக்காலையைப் பார்த்துக்கொள்ளும் சவிரிமுத்தர் குசினிப் பக்கமாக வந்து தொண்டையைச் செருமினார். அவருக்குப் பின்னால் மண்வெட்டிகளோடு இரண்டு பேர்.

"பிள்ளை, குழி எங்க வெட்டுறது?"

"இதென்ன கேள்வி? அம்மாவுக்குப் பக்கத்தில."

சவிரிமுத்தர் நிலத்தைப் பார்த்தார். "அதில பாலனை வைச்சாச்செல்லே. கொப்பர் சொல்லேல்லையோ?"

ஜெயரூபினிக்கு முதலில் விளங்கவில்லை. பாலன் மலைநாட்டில் பிறந்து, கலவரத்தில் எல்லாம் இழந்து, இளவயதில் இந்தக் கரைக்கு வந்தவர். அப்பாவோடு கரைவலை இழுத்தார். கடைசிக் காலத்தில் ஞானஸ்நானமும் பெற்றுக்கொண்டார். கலியாணமும் இல்லை, சொந்தமும் இல்லை. மாரி தொடங்கிய நேரத்தில் அவர் செத்தபோது முன்பள்ளியில் கிறிஸ்துமஸ் ஒளிவிழா. அவளால் வர முடியவில்லை. "பாலனை நல்ல இடத்தில வைச்சம் பிள்ளை" என்று அப்பா தொலைபேசியில் சொன்னார். நல்ல இடம் என்றால் எந்த இடம் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டும்.

"அது அப்பான்ர இடம். அம்மா செத்த அண்டைக்கே சீமெந்துக் கட்டுக் கட்டி வைச்ச இடம்."

"நானும் சொன்னனான். இந்தச் சேமக்காலையில குடும்பக் காணி இல்லாதவைக்கு வேலிக் கரைதானே, பிள்ளை. அங்க மாரியில தண்ணி ஊறும். பாலன் அவ்வளவு காலம் தண்ணிக்க நிண்டவன், செத்தும் தண்ணிக்க கிடக்கிறதோ எண்டு கேட்டார். நான் என்னத்தைச் சொல்ல?"

"அப்ப தான் எங்க கிடக்கிறதாம்?"

"வேலிக் கரையில."

அவளுக்குத் துக்கம் வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. கொடுத்தது தன் இடம் என்று அவர் நினைத்திருப்பார். அம்மாவின் பக்கம் அல்லவா அது? அம்மாவை யார் கேட்டார்கள்? புனிதமலர் காலம் முழுக்கத் தகராறு பண்ணிக்கொண்டே அந்த மனிதரோடு குடித்தனம் நடத்தியவள். அவள் அவரிடம் கண்ட ஒரே நல்ல குணம் குறட்டை விடாததுதான் என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள். மழைக் காலத்தில் பாலன் விறாந்தையில் வந்து படுத்தால் அவர் விடும் குறட்டைக்கு அம்மா உள்ளேயிருந்து சுவரில் தட்டுவாள். அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் இப்போது பாலன்.

"அதுக்கேன் யோசிக்கிறாய்?" என்றாள் மாமி தங்கம்மா. அப்பாவின் தங்கை. "மற்றப் பக்கம் ஒரு இடம் சும்மாதானே கிடக்குது. அண்ணனை அதில வையுங்கோ."

குசினியில் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர்களின் கைகள் நின்றன. மற்றப் பக்கம் றொசானுடைய இடம். ஜெயரூபினியின் அண்ணன். முள்ளிவாய்க்காலில் தண்ணீர் எடுக்கப் போனவன் திரும்பி வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அப்பாவும் பாலனும் முகாம் முகாமாகப் படத்தைக் காட்டி அலைந்தார்கள். அம்மா சேமக்காலையில் தனக்கும் புருசனுக்கும் இடம் குறித்தபோது மகனுக்கும் சேர்த்துக் குறித்து, மூலைக்கு ஒன்றாக வெள்ளைச் சங்குகளைப் புதைத்தாள். ஆனால் அங்கே மெழுகுதிரி கொளுத்த ஒருவரையும் விட்டதில்லை. "அவன் வந்து, கிழவனாகி, பிறகு படுக்கிற இடம்" என்பாள். "அண்ணா இல்லையம்மா, ஒரு பூசையாவது குடுப்பம்" என்று ஜெயரூபினி ஒருநாள் சொல்லிவிட்டாள். அந்தத் தவக்காலம் முழுக்க அம்மா அவளோடு கதைக்கவில்லை.

"அதை ஏன் பாலனுக்குக் குடுக்கேல்ல எண்டு நான் கொப்பரைக் கேட்டனான்," என்றார் சவிரிமுத்தர். "அது என்ர இல்லையே, றொசான்ர எண்டார்."

"அவர் சொல்லுவார்," என்றாள் ஜெயரூபினி. "வாங்கோ, நான் வாறன்."

குழி வெட்டுகிற இடத்துக்குப் பெண்கள் போவதில்லை. மாமி பின்னால் கூப்பிட்டது கேட்டும் அவள் திரும்பவில்லை. யதுர்ஷிகா புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கூடவே ஓடிவந்தாள்.

சேமக்காலை மணல் இரவு மழையில் இறுகிக் கிடந்தது. பாலனின் சிலுவையில் தாரால் எழுதிய பெயர் இன்னும் பளபளத்தது. நடுவில் அம்மா. அம்மாவுக்கு அந்தப் பக்கம் நான்கு சங்குகளுக்குள் தண்ணீர் ஊறாத, மேடான, நல்ல இடம். ஜெயரூபினி அதைக் காட்டினாள்.

"இதில வெட்டுங்கோ."

இவ்வளவு காலமும் அவள் சொல்லிவந்ததுதான். அண்ணா இல்லை. இல்லாதவனுக்கு எதற்கு இடம்? இப்போது தடுக்க அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. ஒருத்தன் மண்வெட்டியை ஓங்கிக் கொத்தினான். ஒரு வெட்டு. மூலைச் சங்கு பெயர்ந்து உருண்டு வந்து அவள் காலடியில் நின்றது. அதற்குள் இருந்த மணல் கொட்டியது.

"நில்லுங்கோ."

அவன் மண்வெட்டியைத் தூக்கியபடி நின்றான். அவள் குந்தியிருந்து அந்த மணலைக் கையால் தள்ளி வெட்டை மூடினாள். தட்டினாள். திரும்பவும் தட்டினாள். அவளுக்குத் தெரியும், அண்ணா வரமாட்டான். அது தெரிந்தும் கை நிற்கவில்லை. தன்னிடம் இருந்ததையெல்லாம் கொடுத்துவிட்டு, கொடுக்க முடியாத ஒன்றை மட்டும் அவள் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறார் அப்பா. இப்படியும் ஒரு மனிதர் செய்வாரா?

"பிள்ளை, நேரம் போகுது. பாதர் வந்திடுவார்," என்றார் சவிரிமுத்தர்.

"வேலிக் கரையில வெட்டுங்கோ," என்றாள். "அந்தாளின்ர ஆசைப்படியே போகட்டும்."

இடுப்பளவு தோண்டுவதற்குள் தண்ணீர் வந்துவிட்டது. வாளியால் அள்ள அள்ள ஊறியது. அவளுடைய கணவன் றொமேஸ் மீன்வாடிக்கு ஓடி, வலை இழுக்கிற ஆட்களோடு கரை மணலைச் சாக்குகளில் சுமந்து வந்து கொட்டினான். எஞ்சின் வாங்கிப்போனவனும் ஒரு சாக்குத் தூக்கினான். ஒரே ஒரு சாக்கு. பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிழலில் போய் இருந்துவிட்டான்.

பின்னேரம் பாதர் செபம் சொல்லி முடிக்க, பெட்டியை இறக்கினார்கள். இவ்வளவு மணல் போட்டும், பெட்டி அடியில் தொட்டபோது தண்ணீர்ச் சத்தம் கேட்டது. எல்லோருக்கும் கேட்டது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. மாமிதான் பெரிதாகக் குரல் வைத்து அழத் தொடங்கினாள். ஜெயரூபினிக்கு அழுகை வரவில்லை. "நல்ல மனுசன், நல்ல மனுசன்" என்று தோளில் தட்டிப் போனவர்களுக்கெல்லாம் "ஓம்" "ஓம்" என்றாள். ஒவ்வொரு ஓமும் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது.

சனம் கலைந்தது. வேலிக்கு அப்பால் களப்பில் மழை இருட்டிக்கொண்டு வந்தது. யதுர்ஷிகா புது மண்மேட்டுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை விரித்து வைத்திருந்தாள். தாள் முழுக்க ஈர மணல். இனி அதை முன்பள்ளியில் திருப்பிக் கொடுக்க முடியாது. மேட்டைப் பார்த்து, எழுத்துக்கூட்டி, கேள்வி வரைக்கும் வாசித்து முடித்தாள்.

"அம்மா, இதிலயும் தண்ணிதான்," என்றாள் படத்தைக் காட்டி.

"ஓம்."

"அப்ப சொண்டுக்காரி எங்க படுப்பாள்?"

ஜெயரூபினி எழும்பி நடந்தாள். றொசானுடைய இடத்தில் பெயர்ந்துபோன சங்கைத் துடைத்து, பழைய மூலையில் ஆழமாகப் புதைத்தாள். அம்மாவின் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றினாள். கையில் இன்னும் ஒரு திரி மிஞ்சியிருந்தது. வேலிக் கரையைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே றொமேஸ் ஏற்றி வைத்தது எரிந்துகொண்டிருந்தது.

பாலனின் சிலுவைக்கு முன்னால் போய் நின்றாள். காற்றுக்கு நெருப்புக்குச்சி அணைந்தது. அடுத்ததும் அணைந்தது. சேலைத் தலைப்பால் மறைத்து, ஒருபடியாகத் திரியைப் பற்றவைத்து மணலில் ஊன்றினாள். போக எழும்பினவள் நின்றாள்.

"பாலண்ணை," என்றாள். குரலில் கோபம் போகவில்லை. "அம்மாவுக்குக் குறட்டைச் சத்தம் ஆகாது. அந்தப் பக்கம் திரும்பிப் படுங்கோ."